ஒன்பது அங்குலம்

சின்னச்சாமி போய்விட்டார் என்று கொழிஞ்சாம்பாறையிலிருந்து அவர் மகள் தொலைபேசியில் சொன்னாள். "அப்பா உங்களப் பத்தி அடிக்கடி பேசுவாருங்க" என்றாள். என்ன பேசினார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு விஷயத்தை மட்டும் அவர் சொல்லியிருக்க மாட்டார். அவரை அறிந்த உங்களிடம் அதை நானே சொல்கிறேன்.

எழுபதுகளில் பாலக்காட்டில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் இருவரும் வேலை செய்தோம். பாதாளச் சாக்கடைக்கு எந்தத் தெருவில் எவ்வளவு பெரிய குழாய் வேண்டும் என்று கணக்கிடுவது எங்கள் பணி. தெருத்தெருவாக மட்டம் பார்த்து வருவது அவர். கணக்குப் போடுவது நான். என் கணவர் இறந்த மறு வருஷம் சேர்ந்த வேலை அது. பெண்பிள்ளை போடும் கணக்கை நம்பலாமா என்று தலைமைப் பொறியாளர் என் காதுபடவே கேட்டிருந்தார். ஒரு தவறு போதும், வேலை போய்விடும்.

மட்டம் பார்க்கும் கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்குமுன் சின்னச்சாமி ஒரு செம்புத் தண்ணீரைத் தெருவில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பார்ப்பார். சிரிப்பவர்களிடம், "தண்ணிக்குத் தெரியாததா கருவிக்குத் தெரியப் போகுதுங்க?" என்பார்.

தேர்த் திருவிழாவுக்குப் பேர்போன கல்பாத்தியில் வாழ்க்கைப்பட்டவள் நான். அங்குள்ள ஆள் எண்ணிக்கையை ரேஷன் கார்டுகளைப் பார்த்து எடுத்து, ஆறு அங்குலக் குழாய் போதும் என்று எழுதினேன். சின்னச்சாமி தாளைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, ரேஷன் கார்டா குளிக்குது? தேருக்கு வர்றவங்க குளிக்க மாட்டாங்களா?"

"எங்க தெருவைப் பத்தி எனக்கே சொல்லித் தரேளா?" என்றேன்.

தேர் நாளன்று காலையில் முதல் பஸ்ஸிலேயே சின்னச்சாமி வந்தார். எங்கள் தெருக்கோடியில் மூடிய பழைய சாக்கடை ஒன்று உண்டு. அதன் கல்லை நகர்த்தி ஒரு மூங்கில் கோலை இறக்கினார். கோலில், என் கணக்குப்படி தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தார். கட்டிக்கொடுத்த பெண்களும் பம்பாய்ப் பிள்ளைகளும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். எந்தக் கார்டிலும் பெயர் இல்லாதவர்கள். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குளியல். என் நாத்தனார்கள் மூவருக்கும் வெந்நீர் போட்டுவிட்டு வந்தவளே நான்தான். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டி, கல்லின் விளிம்பைத் தொட்டது. கோலை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

மறுநாள் என் மேஜையில் புதுத் தாள் ஒன்று இருந்தது. என் கணக்கைத் திருத்திப் பிரதி எடுத்திருந்தார். எல்லாம் மையில், குழாயின் அளவு மட்டும் பென்சிலில், ஒன்பது அங்குலம். கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. பென்சில் எண்ணின் மேலேயே மையால் எழுதிக் கையெழுத்திட்டேன்.

கல்பாத்திக்காரி என்பதால்தான் தேர்க் கூட்டத்தைக் கணக்கில் எடுத்திருக்கிறாள் என்று தலைமைப் பொறியாளர் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். சின்னச்சாமி ஓரமாக நின்று அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கவில்லை.

அவர் ஓய்வு பெற்ற அன்று மட்டும், ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "தண்ணி போவோணும், அவ்வளவுதானுங்க" என்றார். அப்போதும் நான் நன்றி சொல்லவில்லை.

அலுவலகத்தை மூடியபோது அந்தத் தாளை எடுத்து வந்தேன். இன்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் மை வெளிறிவிட்டது. அடியில் அவருடைய ஒன்பது தெளிவாக இருக்கிறது.