வல்லத்துக் கரன்ட்

எரிந்துபோன மோட்டாரின் கருகிய காயிலைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றுவது ஹபீபுன்னிசாவின் வேலை. செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் அவர் கணவர் ஜகபர் அலி. ஹபீபுன்னிசா கடைக்குப் போனதில்லை; மோட்டார்கள்தான் வீட்டுக்கு வந்தன. அறுபதுகளில் கிணறுகளுக்கு மின்சாரம் வரவர, வேலை கூடிக்கொண்டே போனது.

ஜகபர் அலிக்கு ரிப்பேரோடு நிற்க மனமில்லை. சொந்தமாக ஒரு மோட்டார் செய்துவிட வேண்டும் என்றிருந்தார். வார்ப்படத்தை விழுப்புரத்திலும் பேரிங்கை மதராஸிலும் வாங்கினார். பெரிய கம்பெனி மோட்டார் ஒன்றை இருவருமாகப் பிரித்துப் பார்த்து, கம்பியின் கனம், சுற்று எல்லாவற்றையும் அப்படியே வைத்தார்கள். தன் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டைத் திருகி, வல்லத்தில் பாண்டுரங்கனின் வேர்க்கடலைக் கொல்லைக் கிணற்றில் ஜகபர் அலி பொருத்திவிட்டு வந்தார்.

அந்த வாரமே எரிந்தது. பாண்டுரங்கன் அதை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"எரிஞ்சது மோட்டாரா, உன் பேரா பாய்? கொல்லையில மல்லாட்ட வாடுது. வெள்ளிக்கிழமைக்குள்ள தண்ணி எறைக்கலன்னா நான் கோயமுத்தூர் மோட்டார் வாங்கிக்கறேன்."

அவர் அப்படி வாங்கிவிட்டால், செஞ்சி வட்டாரத்தில் இன்னொருவர் தன் மோட்டாரைத் தொடமாட்டார் என்பது ஜகபர் அலிக்குத் தெரியும்.

"கம்பெனிக்காரன் மாதிரியேதானே சுத்துனோம், ஹபீபு?" என்றார் வீட்டுக்கு வந்து.

"கம்பெனி மோட்டாருந்தான் எரிஞ்சு நம்மகிட்ட வருது. அதப் பாத்து அச்சு அசலா செஞ்சா, இது மட்டும் எரியாம இன்னா பண்ணும்?"

வல்லத்தில் கரன்ட் எப்போதும் அழுத்தம் குறைவாகத்தான் வரும். கம்பெனி மோட்டாரோ முழுக் கரன்டுக்கென்று செய்தது.

"போன வருஷம் கம்பி தீந்துபோச்சுன்னு கனமான கம்பி குடுத்தீங்க. எடம் பத்தாம சுத்தக் கொறச்சேன். அதெல்லாம் வல்லத்து மோட்டாருங்க. ஒண்ணாவது திரும்பி வந்துச்சா?"

ஜகபர் அலி யோசித்துப் பார்த்தார். வரவில்லை. அழுத்தம் குறைந்த கரன்டுக்குக் கனமான கம்பியும் குறைந்த சுற்றும்தான் தோதாக இருந்திருக்கின்றன.

ஹபீபுன்னிசா மோட்டாரை அதேபோல் சுற்றித் தர, ஜகபர் அலி வெள்ளிக்கிழமைக்கு முன்பே கிணற்றில் பொருத்தினார். பெயர்த் தகட்டை மட்டும் திருகாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சில வாரம் கழித்துப் பாண்டுரங்கன் மறுபடி கடைக்கு வந்தார்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்குது பாய். கரன்ட் நல்லா வர்றப்ப சூடும் ஏறுது."

"தண்ணி?"

"அது வருது. பேரு எங்க? அவலூர்பேட்டையிலிருந்து மச்சான் வந்து, யார் மோட்டாரு, எனக்கும் ஒண்ணு வேணும்ங்கறான். அனாதை மோட்டாருன்னா சொல்றது?"

ஜகபர் அலி திருப்புளியை எடுத்துக்கொண்டு அவர் வண்டியிலேயே வல்லத்துக்குப் போய்த் தகட்டைத் திருகினார். வீடு திரும்பி, அவலூர்பேட்டைக்கு ஒரு மோட்டார் கேட்டிருக்கிறார்கள் என்றார்.

"அங்க கரன்ட் எப்படி வருதாம்?" என்றார் ஹபீபுன்னிசா.

"அதக் கேக்கலையே."

"கேட்டுட்டு வாங்க. அப்புறம் கம்பி எடுக்கலாம்."