விழுந்ததைச் சொன்ன மனிதர்

மாரிமுத்து சேர் விழுந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். வியாழக்கிழமை காலை, முதலாம் பாடம் தொடங்கவில்லை. தொலைபேசியும் கையுமாக வாசலில் நின்ற பாடசாலை அதிபர், "மாரிமுத்து சேர் விழுந்துட்டாராம்" என்றார். "இன்னைக்கு எங்கயாம்?" என்று ஒருவர் கேட்டார். "வரட்டும், இடைவேளைக்கு முழுக்கதையும் வரும்" என்றார் இன்னொருவர். பதினான்கு ஆண்டுகளாக அவர் எங்களை அப்படித்தான் பழக்கியிருந்தார். விழுவார், எழுவார், வந்து சொல்வார், நாங்கள் சிரிப்போம்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. "எந்த இடம் சேர்?" என்று கேட்டேன். "பீலி வளைவு" என்றார் அதிபர். அடுத்த பத்து நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வந்தது. சேர் இறந்துவிட்டாராம். எல்லோரும் அந்த வளைவுக்கு ஓடினோம்.

பதினாறாம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அதிபர் என்னிடம்தான் கேட்டார். நெருங்கிய நண்பன் என்பதால் கேட்டார். இதற்குள் பசறையிலும் பதுளையிலும் ஒரு பேச்சு உலவத் தொடங்கிவிட்டது. "வண்டி ஓட்டத் தெரியாத மனுசன், எத்தன தரம்தான் தப்புவாரு" என்று மரண வீட்டிலேயே இரண்டு பேர் என் காதுபடப் பேசிக்கொண்டார்கள். அது பொய். பொய் என்று அறிந்த ஆள் நான். அவருடைய பெயரில் விழுந்த அந்தப் பழியைத் துடைக்க வேண்டுமென்றால் என்னுடைய பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். வேறு வழி இருக்கிறதா என்று இரண்டு வாரமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். மாரிமுத்து சேர் கொஸ்லந்தைப் பக்கத் தோட்டமொன்றில் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பிராவில் பிறந்தவர். கணித ஆசிரியர். குள்ளமான உருவம், கனத்த குரல். பசறைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டப் பாடசாலைக்கு நியமனம் பெற்று வந்தபோது முப்பத்து மூன்று வயது. அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை. குடியிருந்தது பதுளையில். காலை பஸ் ஒன்றைத் தவறவிட்டால் முதல் இரண்டு பாடமும் போய்விடும் என்பதால் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அவருக்கு ஓட்டப் பழக்கியவன் நான். இருவருக்கும் ஒரே வயதுதான், ஆனால் அன்றிலிருந்து என்னைக் "குரு" என்றே கூப்பிட்டார். அதில் கேலி பாதி, மரியாதை பாதி. நான் மரியாதையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தனியாக ஓட்டி வந்த முதல் நாளே விழுந்தார். காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். சேர் வாசலிலேயே மரியாதையாக வண்டியை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார். ஊன்றியது பள்ளத்துப் பக்கம். அங்கே நிலம் ஒரு சாண் கீழே இருந்தது. கால் நிலத்தைத் தேடியது, கிடைக்கவில்லை. வண்டியும் அவரும் மெதுவாக, மிக மெதுவாக, செவ்வந்திப் பாத்திக்குள் சாய்ந்தார்கள். கீதம் முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. கைகளை உடம்போடு ஒட்டி, படுத்தபடியே விறைப்பாக இருந்தார்.

வேறொருவர் என்றால் ஒரு வாரம் தலை காட்டியிருக்க மாட்டார். இவர் இடைவேளைக்குத் தேநீர்க் கோப்பையோடு நடு அறையில் வந்து நின்றார். "எல்லாரும் கேட்டுக்கங்க. மலையில வண்டிய நிப்பாட்டுனா மேட்டுப் பக்கம்தான் கால வைக்கணும். பள்ளத்துப் பக்கம் வச்சா தரை இருக்காது. இத எனக்கு யாரும் சொல்லல" என்றார்.

நான் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அது விழுந்துதான் தெரிந்தது, பத்தொன்பது வயதில், பண்டாரவளைச் சந்தை வாசலில். அவருக்குப் பழக்கும்போது அதை ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்டால், விழுந்தேன் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதால்தான்.

பிறகு மழைக்கோட்டுச் சம்பவம். பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே, அடைமழையில், பின்னால் தொங்கிய மழைக்கோட்டின் வாலைச் சங்கிலி கவ்விக்கொண்டது. வண்டி நின்றுவிட்டது. சேர் முன்னாலும் போக முடியாமல் இறங்கவும் முடியாமல், வண்டியோடு கட்டிப்போட்டவராக நின்றார். பஸ்ஸுக்குக் காத்திருந்த பெற்றோர் முழுப்பேரும் பார்த்தார்கள். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த ஒருவர் தன் கத்தியால் கோட்டை அறுத்து அவரை விடுவித்தார். மறுநாள் அறுந்த கோட்டையே பாடசாலைக்குக் கொண்டுவந்து காட்டினார். "வால உக்காருற எடத்துக்குக் கீழ வச்சு அமுக்கணும். ஓடுற வண்டியில இழுத்திருந்தா என் கழுத்து போயிருக்கும்" என்றார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் அடங்கினார்கள்.

எங்கள் தோட்டத்து ரோட்டுகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. குழி விழுந்தாலோ மண் சரிந்தாலோ, முதலில் பார்க்கிறவர் இலையோடு ஒரு கொப்பை ஒடித்து நடு ரோட்டில் போட்டுவிட்டுப் போவார். பின்னால் வருகிறவர் கொப்பைக் கண்டு வேகத்தைக் குறைப்பார். மாரிமுத்து சேர் அந்த வழக்கத்தை ஆசிரியர்களாகிய எங்களுக்குச் சட்டமாக்கினார். விழுந்தவர்தான் கொப்புப் போட வேண்டும், போட்டதை இடைவேளையில் சொல்லவும் வேண்டும். நல்ல சட்டம். ஆனால் ரோட்டில் கொப்பைக் கண்டவர்கள் பாடசாலைக்கு வந்ததும் முதலில் கேட்பது, "இன்னைக்குக் கொப்பு யாரோடது?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஏறக்குறைய எப்போதும் அவர்தான் கை தூக்கினார். "எங்க குரு ஒரு கொப்புக்கூட ஒடிச்சதில்ல" என்று என்னைக் காட்டிச் சொல்வார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

பெற்றோல் தட்டுப்பாடு வந்து நாட்டில் எல்லோரும் வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் எல்லோரையும் ஒரு கெட்ட பழக்கம் பிடித்துக்கொண்டது. இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உருளவிடுவது. பெற்றோல் வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. மலை முழுக்க வண்டிகள் சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. அப்படி இறங்கி ஒரு வளைவைத் திரும்பிய சேர், கொழுந்துச் சாக்கோடு ரோட்டைக் கடந்த பெண்களின் நடுவே போய்விட்டார். ஹோர்னை அழுத்தினால் அது அடிக்கவில்லை. சாவியை அணைத்திருந்தாரே. தானே வாயால் கத்திக்கொண்டு சாக்குக் குவியலுக்குள் பாய்ந்தார். யாருக்கும் அடியில்லை. அன்று இடைவேளையில் மட்டும் அவர் எங்களைச் சிரிக்க விடவில்லை. "எஞ்சின் செத்த வண்டி பொணம் மாதிரி. நம்ம பேச்சக் கேக்காது. இனிமே நான் அணைக்க மாட்டேன், நீங்களும் அணைக்காதீங்க" என்றார். அவர் நிறுத்திவிட்டார். நாங்கள் நிறுத்தவில்லை.

இனி என்னுடைய செவ்வாய்க்கிழமை.

நான் குடியிருப்பது தோட்டத்தின் மேற்பிரிவில். பாடசாலைக்கு இறங்கும் வழியில், லயத்துக்காரர்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குச் சற்று மேலே, கொங்கிறீட் போட்ட ஒரு குறுகிய வளைவு இருக்கிறது. ஒரு பக்கம் மலையடியில் மழைத்தண்ணீர் ஓடும் கான், மறுபக்கம் வேலியில்லாத பள்ளம். அன்று பனிமூட்டம். வழக்கம்போல் எஞ்சினை அணைத்து இறங்கினேன். வளைவில் பிறேக்கைத் தொட்டதுதான் தெரியும். வண்டி எனக்குக் கீழிருந்து உருவிக்கொண்டு போனது. நான் மலைப் பக்கம் சறுக்கிக் கானுக்குள் விழுந்தேன். எழுந்து பார்த்தால், உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் கொங்கிறீட்டின் மேல் கசிந்து, பச்சையாகப் பாசி படர்ந்திருந்தது. பனியில் அது கண்ணுக்கே தெரியவில்லை.

காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கொழுந்து பறிக்கும் அம்மா என்னைத் தூக்கிவிட்டார். "அடி பட்டுச்சாங்க சேர்? கொழா ஒடஞ்சதில இருந்து இப்பிடித்தான் ஊறிக்கிட்டே இருக்கு. அந்தப் பக்கம் சறுக்கியிருந்தா ஆளே கெடைக்காதுங்க. ஒரு கொப்ப ஒடிச்சுப் போட்டுட்டுப் போங்க" என்றார். "போடுறேன், நீங்க போங்க" என்றேன். அவர் நம்பிப் போனார்.

கிளையில் கை வைத்தேன். பாதி ஒடித்தும்விட்டேன். அப்போதுதான் அந்தக் கேள்வி காதில் விழுந்தது, "இன்னைக்குக் கொப்பு யாரோடது?" கிளையை விட்டுவிட்டேன். பீலியில் காற்சட்டையைக் கழுவிக்கொண்டு பாடசாலைக்குப் போனேன்.

மாரிமுத்து சேர்தான் கவனித்தார். "குரு, முழங்கையில என்ன?" என்று கேட்டார்.

"கதவு இடிச்சிருச்சு."

என் காற்சட்டையின் ஈரத்தையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். "கதவுன்னா சரி" என்றார். என்னை அவர் அவமானப்படுத்த விரும்பவில்லை. அவர் அன்று கொஞ்சம் அவமானப்படுத்தியிருக்கலாம்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த வளைவில் நான் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். தள்ளுவதற்கு முன் முன்னும் பின்னும் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொள்வேன். மழை விடவில்லை. ஒவ்வொரு நாளும் பாசி இன்னும் கொஞ்சம் பள்ளத்துப் பக்கம் அகலமாகிக்கொண்டே வந்தது. அதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டே போனேன்.

மறுவாரம் புதன்கிழமை பெரிய ரோட்டில் ஒரு பக்கம் மண் சரிந்தது. மறுநாள் காலையிலிருந்து அதை மூடிவிடுவதாக அறிவித்தார்கள். பதுளையிலிருந்து வருகிறவர்கள் மேற்பிரிவு வழியாகச் சுற்றி வர வேண்டும். பாடசாலை விட்டதும் சேர் என் பக்கத்தில் வந்து தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கு உங்க ரோட்டுலதான் வரணும். ரோட்டு எப்பிடி இருக்கு குரு?"

சொல்ல வேண்டிய வார்த்தைகள் நான்கைந்துதான். வாய்வரை வந்தன. பக்கத்தில் இரண்டு இளம் ஆசிரியர்கள் நின்றார்கள்.

"நல்ல ரோட்டு. பைய வாங்க" என்றேன்.

"குரு சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது.

மறுநாள் காலையிலும் பனிமூட்டம். நாங்கள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்து ஆண்கள் கயிறு கட்டி அவரைப் பள்ளத்திலிருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டியைப் பின்னர்தான் ஏற்றினார்கள். அதை நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். சாவி போட்டபடி இருந்தது. கியர் முதலாவதில் இருந்தது. மழைக்கோட்டின் வால் ஒழுங்காக உள்ளே மடிக்கப்பட்டிருந்தது என்று அவரை ஏற்றியவர்கள் சொன்னார்கள். பதினான்கு ஆண்டுகள் விழுந்து விழுந்து கற்றதில் ஒன்றைக்கூட அவர் அன்று மறக்கவில்லை. எல்லாவற்றையும் சரியாகச் செய்துகொண்டு, நான் நல்ல ரோட்டு என்று சொன்ன ரோட்டில் மெதுவாக இறங்கி வந்திருக்கிறார்.

மரண வீட்டுக்கு அந்தக் கொழுந்து பறிக்கும் அம்மாவும் வந்திருந்தார். கூட்டத்தில் நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவருடைய கண் என்மேலேயே இருந்தது. புறப்படும் நேரத்தில் சேரின் மனைவி சரோஜா அக்கா என்னைக் கூப்பிட்டார். "நீங்க நல்லா வண்டி ஓட்டுறவரு. சொல்லுங்க சேர், இவரு அந்த எடத்துல என்ன பிழ விட்டாரு?" என்று கேட்டார். "தெரியலிங்க அக்கா" என்றேன். மூன்றாவது தடவையாக வாயை மூடிக்கொண்டேன். மனிதன் இவ்வளவுக்குப் பிறகும் தன் பெயரைக் காப்பாற்றப் பார்ப்பான் என்று யாராவது என்னிடம் முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இதை எழுதுவதற்கு முன் நேற்றுப் பின்னேரம் அவருடைய வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் இருவரும் உள்ளே படித்துக்கொண்டிருந்தார்கள். சரோஜா அக்காவிடம் செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன், கொப்பைச் சொன்னேன், புதன்கிழமை அவர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் அழவில்லை. விரலை மடித்து நாட்களை எண்ணினார்.

"ஒம்பது நாளு" என்றார். "ஒம்பது நாளும் நீங்க தள்ளிக்கிட்டுப் போனீங்க."

"ஆமாங்க."

பிறகு உள்ளே பிள்ளைகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "எங்கப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாதாம்மான்னு மகன் கேக்குறான். பள்ளிக்கூடத்துல பயலுக சொல்றானுகளாம். எழுதுங்க சேர். யாரோ ஒருத்தர் முந்தியே விழுந்தாருன்னு எழுதாதீங்க. உங்க பேரப் போட்டு எழுதுங்க. அத அவன் வாசிக்கட்டும்."

மன்னிப்பதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே, தம்பி, உன் அப்பா எந்தப் பிழையும் விடவில்லை. அந்த வளைவில் அவருக்கு முன்னால் விழுந்தவன் நான். வாயைத் திறக்காமல் எழுந்து போனவனும் நான்தான். மேற்பிரிவில் குடியிருக்கும் விஞ்ஞான ஆசிரியன், என் பெயர் தர்மலிங்கம். போய் வாருங்கள், மாரிமுத்து சேர்.