சாரலில் கரைந்த முகம்

மேலகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போட்டோ பிரிண்டர் வாங்கத் தென்காசிக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி, இருந்ததிலேயே விலை குறைந்ததைக் காட்டினார். மாதிரிப் படம் பளிச்சென்று இருந்தது. வேறெதுவும் கேட்காமல் வாங்கி வந்துவிட்டேன்.

மகளுக்குப் போலீஸ் வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு வந்தது. அதற்கான பாஸ்போர்ட் அளவுப் படங்களை வீட்டிலேயே அச்சிட்டேன். கிளம்பும்போது சாரல். "குடை எடுக்கட்டாம்மா?" என்றாள். "சாரலுக்குப் போயி யாராவது குடை பிடிப்பாவளா? நடட்டி!" என்றேன். குற்றாலத்துப் பக்கம் வளர்ந்த திமிர் அது.

திருநெல்வேலியில் இறங்கி, சரிபார்ப்பு நடக்கும் மைதான வாசலில் ஃபைலைத் திறந்தவள் அலறினாள். "எம் மூஞ்சியப் பாரும்மா!" உள்ளே ஈரம் இறங்கி, படங்களில் கண்ணும் மூக்கும் நீலமாகக் கரைந்திருந்தன. வாசலில் நின்ற பெண் காவலர்தான், "அழாத பிள்ள, இன்னும் அரைமணி நேரம் இருக்கு. எதுத்தாப்புல ஸ்டுடியோ இருக்கு, ஓடு" என்றார். அந்த அரைமணி நேரத்தில் புதுப் படம் எடுத்துத் தப்பித்தோம்.

மறுவாரம் அதே கடைக்குத் தண்ணீர் பாட்டிலோடு போனேன். ஒவ்வொரு மாதிரிப் படத்திலும் ஒரு சொட்டு விட்டு, விரலால் தேய்த்துப் பார்த்தேன். "என்னம்மா, கடைக்குள்ளயே அருவி விடுதிய?" என்று சிரித்தார் அண்ணாச்சி. கரையாத மை போடும் பிரிண்டருக்கு விலை கொஞ்சம்தான் கூடுதல். அதையே வாங்கி வந்தேன்.

மகள் தேர்வாகிவிட்டாள். சென்ற வாரம் காக்கிச் சட்டையில் முதல் படம் அனுப்பியிருந்தாள். அச்சிட்டு, காய்ந்ததும் அவள் முகத்தின் மேலேயே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். அப்படியே சிரித்துக்கொண்டிருந்தாள்.