பத்தொன்பது பூஜ்யங்கள்

நகரத்தின் லான்மடா பகுதியில் ஒரு சிறிய டயாலிசிஸ் கிளினிக்குக்கு இணையப் பக்கம் எழுதிக் கொடுத்தது நான்தான். நோயாளிகள் முந்தின நாளே 'வருகிறேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் தரவுத்தள அட்டவணையில் அவர்கள் பெயருள்ள வரிசை 'வருகிறார்' என்று மாறும். எத்தனை வரிசைகள் மாறின என்று என் நிரல் கேட்கும். ஒன்று என்றால் நன்றி சொல்லும். பூஜ்யம் என்றால் 'உங்கள் பதிவு இல்லை' என்று காட்டும்.

அப்படி 'இல்லை' வருவதாக இரண்டு புகார்கள் வந்தன. நான் சரியாகப் படிக்கக்கூட இல்லை. மின்சாரம் இருக்கிற நாலு மணி நேரத்துக்குள் மூன்று இடத்து வேலையை முடிக்க வேண்டியிருந்த நாட்கள் அவை. "மறுபடி அமுக்கச் சொல்லுங்க சயாமா" என்று கிளினிக் தாதியிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். தாதியை இங்கே எல்லோரும் மரியாதையாக அப்படித்தான் அழைப்போம்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அந்தத் தாதியே கூப்பிட்டார். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் த்வாண்டேயிலிருந்து ஓர் அம்மாள் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். அவர்கள் முறையோ பிற்பகல் மூன்று மணிக்கு. நான் போனபோது அந்த மனிதர் வீங்கிய கால்களோடு பெஞ்சில் சாய்ந்து கிடந்தார்.

"இல்ல இல்லன்னே வந்துச்சு தங்கச்சி," என்றார் அந்த அம்மாள். "இப்பிடி வந்தா மறுபடி அமுக்கணும்னு சயாமா சொல்லியிருந்தாங்க. அமுக்கிக்கிட்டே இருந்தேன். போனும் கெடைக்கல. அதான் மொதப் படகுக்கே கெளம்பிட்டோம்."

மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். முதல் அழுத்தலுக்கு ஒன்று. அதன் பிறகு பத்தொன்பது பூஜ்யங்கள். வரிசை முதல் தடவையே மாறிவிட்டது. இனி மாற ஒன்றுமில்லை என்பதைத்தான் தரவுத்தளம் பூஜ்யம் என்று சொல்லியிருக்கிறது. பதிவே இல்லை என்று அதற்கு அர்த்தம் வைத்தவள் நான்.

"அப்ப மொதத் தடவயே ஏறிருச்சா?"

"ஏறிருச்சுக்கா. நெட்டு அறுந்து போனதால பதில் வரல. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் நான் தப்பா எழுதுனது."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். புருஷனின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பத்து மணி முறைக்கு வர வேண்டியவர் வரவில்லை. தாதி மாவ்பி ஊரில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போன் போட்டார். அங்கேயும் அதே கதை: பதிவு இல்லை என்று வந்ததாம், அதனால் வீட்டிலேயே இருந்துவிட்டார்களாம். அவரை மூன்று மணிக்கு வரச் சொல்லிவிட்டு, காலிப் படுக்கையை இவருக்குக் கொடுத்தார் தாதி.

அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து நிரலைத் திருத்தினேன். வரிசை இருக்கிறதா என்பதை இப்போது முதலில் தனியாகக் கேட்கும். எத்தனை தடவை அழுத்தினாலும் 'உங்கள் வருகை உறுதியாகிவிட்டது' என்றே வந்தது. அம்மாளிடம் காட்டினேன்.

"நல்லது தங்கச்சி," என்றார். பிறகு எழுந்து தாதியிடம் போனார். "அடுத்த மொற வெள்ளிக்கெழமைக்கு நோட்டுலயே எழுதிருங்க சயாமா."

தாதி என் பக்கம் திரும்பாமல் எழுதிக்கொண்டார்.