படிகத்துக்குள் தண்ணீர்

அப்பாவுக்கு விலாவில் அக்கி வந்தபோது நான் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். பட்டினப்பாக்கத்தில் மீன்கடை வைத்திருப்பவர், சட்டை போட முடியாமல் துடித்தார். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை எங்கள் பாடத்தில் வந்த நியூக்ளியோசைடு வகை. வைரஸ் பெருகும்போது அதை ஏமாற்றி உள்ளே புகுந்து நிறுத்திவிடும். பிறகு அடையாறில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, அதே மருந்தைச் சற்று மாற்றிச் செய்த பொருள் ஒன்றை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து நிற்கின்றன என்று பார்க்க நல்ல படிகம் வேண்டும். மாதக்கணக்கில் எனக்குக் கிடைத்ததெல்லாம் தூள்தான். கடைசியில் ஆல்கஹாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, அதில் பொருளைக் கரைத்து, மெல்ல ஆவியாக விட்டுவைத்தேன். குப்பியின் அடியில் கண்ணாடிச் சில்லுகள் போல வளர்ந்திருந்தன. ஆய்வகத்தில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

எக்ஸ்ரே எடுத்துக் கணக்குப் போட்டதில், மூலக்கூறுகளுக்கு நடுவே, அவற்றின் எந்த அணுவோடும் சேராத ஒரு சிறு புள்ளி மிஞ்சியது. அளவீட்டுக் கோளாறு, விட்டுவிடு என்றார் என் வழிகாட்டி மேடம். எனக்கு மனசு கேட்கவில்லை. புள்ளியிலிருந்து பக்கத்து அணுக்கள் இருந்த தூரம் ஹைட்ரஜன் பிணைப்புக்குச் சரியாகப் பொருந்தியது.

"அது தண்ணீர் மேடம்."

"அப்படின்னா நிரூபிச்சுக் காட்டு."

வேறொரு படிகத்தை எடுத்து மறுபடி அளந்தேன். புள்ளி அதே இடத்தில் இருந்தது. இன்னொன்றை நுண்ணோக்கியின் கீழ் சூடாக்கினேன். தெளிவாக இருந்தது பால் போல வெளுத்தது. தனியே கொஞ்சம் படிகங்களை எடைபோட்டுச் சூடாக்கியதில் குறைந்த எடை, மூலக்கூறுக்கு ஒரு தண்ணீர் என்ற கணக்கில் வந்தது. மேடம் திரையில் என் கணக்கைத் தானே ஒருமுறை சரிபார்த்தார். "நான்தான் தப்பாப் பாத்துட்டேன். செமினார்ல இதை நீயே சொல்லு," என்றார். அன்று பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

கடையில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தத் தண்ணி இல்லாங்காட்டி இன்னா ஆவும்?"

"கட்டு வுட்டுப் பூடும்ப்பா. வெறும் தூளு."

மறுநாள் வந்தவர்களிடமெல்லாம், யார் கண்ணுக்கும் தெரியாத தண்ணியை எம்பொண்ணு கண்டுபிடிச்சிட்டா என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாடிக்கையாக வரும் ஒரு அம்மா, எந்தத் தெருவில் என்று ஆவலாகக் கேட்டார்.

"தெருவுல இல்லக்கா," என்றார் அப்பா, வஞ்சிரத்தை நறுக்கியபடி. "மருந்துல கீது."