மஞ்சள் நூல் கட்டிய மீன்கள்

மூன்று வாரம் நான் ஒரு மனிதரைத் திருடர் என்று நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் மேடத்திடமும் சொல்லிவிட்டேன்.

திருத்தணிப் பக்கம் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில், மீன்வளத் துறையில் உதவியாளாக இருக்கிறேன். பத்தாவதோடு என் படிப்பு முடிந்தது. பாடம் நடத்துவது பேராசிரியர் மேடம். வலை மடிப்பது, மீனை நோகாமல் பிடிப்பது இதெல்லாம் பிள்ளைகளுக்கு நான் காட்டித் தருவேன்.

அந்த வருஷம் மேடம் ஓர் ஏரியை எடுத்துக்கொண்டார். கொஞ்சம் மீனைப் பிடித்து அடையாளம் கட்டித் திரும்ப விட வேண்டும். பிறகு வலையில் விழும் மீனில் எத்தனை அடையாளத்தோடு வருகிறது என்று பார்த்தால், ஏரியில் மொத்தம் எவ்வளவு மீன் இருக்கும் என்று சொல்லிவிடலாமாம். எவ்வளவு பிடிக்கலாம், எவ்வளவு விட்டுவைக்கலாம் என்பது அதை வைத்துத்தான். நம்பர் போட்ட பிளாஸ்டிக் துண்டுகளை மஞ்சள் நூலில் கோத்து, முதுகுத் துடுப்புக்கு அடியில் நானே கட்டினேன். முருகன் புண்ணியத்தில் நல்லபடியாக நடக்கட்டும் என்று கரையில் கற்பூரம் ஏற்றி, ஒவ்வொரு மீனையும் "அரோகரா" சொல்லித்தான் விட்டேன்.

அங்கே வலை போடுவது ஆறு குடும்பம். பிடித்த மீன் எல்லாவற்றையும் எங்களிடம் காட்டி அளந்த பிறகுதான் விற்க வேண்டும் என்பது பேச்சு. அவர்களில் பெரியவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னை "பாவா" என்பார், மச்சான் என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிடுவேன்.

மூன்று வாரம் கூடை கூடையாக கட்லாவும் ரோகுவும் கரையேறின. அடையாள மீன் மட்டும் ஒன்றுகூட வரவில்லை.

"ஒண்ணு கூடவா வராது?" என்றார் மேடம்.

"தனியா எடுத்து வித்துடறாங்க மேடம். எனக்கு அந்தப் பெரியவர் மேலதான் சந்தேகம்," என்றேன். மீன் கணக்கு எழுதும் நோட்டிலும் அப்படியே எழுதினேன்.

மேடம் ஊராட்சிக்குக் கடிதம் தயார் செய்தார். அது போனால் அடுத்த வருஷம் அந்த ஆறு குடும்பத்துக்கும் ஏரி கிடையாது. "கண்ணால பாத்தீங்களா?" என்று மட்டும் என்னைக் கேட்டார்.

பார்க்கவில்லை. அதனால் மூன்று நாள் விடியலில் பனைமரத்துக்குப் பின்னால் நின்றேன். மூன்றாம் நாள் பெரியவர் காற்றடித்த லாரி டியூப்பில் மிதந்தபடி வலையை இழுத்தார். பெரிய கட்லா ஒன்று வந்தது. முதுகில் மஞ்சள் நூல். சிக்கினார் என்று நினைத்தேன். அவர் அந்த மீனை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, "அரோகரா" என்று தண்ணீரில் விட்டார்.

நேராக மேடத்திடம் ஓடினேன்.

"நேர்ந்து விட்ட மீனுன்னு நெனச்சுட்டாங்க மேடம். நான் கற்பூரம் ஏத்தினதப் பாத்துட்டுதான்."

மேடம் கடிதத்தைக் கிழிக்கவில்லை. "இது நீங்க சொல்றது. நாளைக்கு நானே ஏரியில இறங்கிப் பாக்கறேன்," என்றார்.

மறுநாள் மேடமும் நானும் ஆளுக்கொரு டியூப்பில் அவர் கூடவே போனோம். பெரியவருக்கு முகம் சுருங்கியது. நாலாவது இழுப்பில் மஞ்சள் நூல் மீன் ஒன்று வந்தது. அவர் கை தானாகக் கண்ணுக்குப் போனது.

"அத கூடையில போடுங்க ஐயா," என்றார் மேடம்.

"சாமி மீனும்மா. பாவா, நீயே சொல்லு. நேர்ந்து உட்டதா, இல்லியா?"

கும்பிட்டு விட்டது நான்தான். முருகனை மனதில் நினைத்துக்கொண்டு, "இல்ல. எண்ணிப் பாக்கறதுக்காக கட்டினது," என்றேன்.

"அதுக்கு எதுக்குய்யா கற்பூரம்? சாமி பேர சொல்லி எங்கள ஏமாத்திட்டியே!" என்றார். மீனைக் கூடையில் போட்டார்.

மேடம் சிரித்தேவிட்டார். "கடிதம் போகாது," என்றார் என்னிடம்.

"இன்னா கடிதம்?" என்றார் பெரியவர்.

கரையேறியதும் மறைக்காமல் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"ஆங், மரத்துப் பின்னால நின்னுகினு இருந்தியே, பாத்தேன். நாங்களும் உன்ன நம்பல. ஏரிய புடுங்கிக்கத்தான் இந்த நோட்டுன்னு பேசிகினு இருந்தோம். கொடு பாக்கலாம்."

கொடுத்தேன். ஈரக் கையோடு பக்கம் பக்கமாகத் திருப்பினார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். தன்னைப் பற்றி நான் எழுதியிருந்த வரியில் விரல் நின்றது.

"இத அடி," என்றார்.

அடித்தேன். பக்கத்தில் நின்று, முழு வரியும் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.