நாய்க்கு இடம், மகளுக்கு இல்லை

யுத்த காலத்தில் கம்பளையில் எங்கள் வீட்டு அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. வன்னி ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த மூத்த மகளின் ஈமெயில் வேறெங்கும் தங்காமல் நேரே அதில்தான் வந்து விழும். அவளிருந்த பக்கம் போன் இல்லை; ஆஸ்பத்திரியில் ஒரு சாட்டிலைட் இணைப்பு மட்டும் இருந்தது. சுற்றிவளைப்பில் ஆமி யாரையாவது பிடித்துப்போனால் தெரியட்டும் என்று மகன் கேட்டில் ஒரு கேமராவை மாட்டி, அதையும் அதே பெட்டியில் இணைத்திருந்தான்.

திடீரென்று மகளின் கடிதங்கள் நின்றுபோயின. ரேடியோவில் ஷெல் விழுந்த செய்தி. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"தம்பி, அந்தப் பெட்டிய ஒருக்கா பாரேன்."

பார்த்ததும் அவன் முகம் கறுத்தது. "டிஸ்க் நெறஞ்சிருச்சும்மா. கேமரா படமே பூரா எடத்தையும் புடிச்சிருச்சு. மெயில் வர எடமில்ல."

"அப்பிடி யாரத்தான் படம் புடிச்சிருக்கு?"

"பக்கத்து வீட்டு நாய."

"நாய்க்கு இம்புட்டு எடம், ஒங்கக்காவுக்கு இல்லையா? தெனமும் ஒரு புடி அரிசிய தனிப் பானையில போட்டு வைக்கிறேன்ல, என்ன பசின்னாலும் அதத் தொடுறோமா? அதுமாதிரி அவளுக்குன்னு ஒதுக்கி வையி."

மகன் பழைய படங்களை அழித்தான். இனி அவை தானாகவே அழியும்படியும் செய்துவிட்டு, மெயிலுக்குத் தனி இடம் பிரித்தான். சாயங்காலம் மகளின் கடிதம் வந்தது. அவன் வாசித்தான்.

"நான் அனுப்புற மெயில் எல்லாம் திரும்பி வருது. ஒங்களப் புடிச்சிட்டுப் போயிட்டாங்களா? அழுதுக்கிட்டே வேல பாக்குறேன்."

"ஒடனே எழுதுடா," என்றேன். "அவ அழுகுறதப் பாத்தா நோயாளிங்க பயந்துருவாங்க."

பதில் போய்விட்டது என்று அவன் சொல்லும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.